கல்லில் வாழும் சிற்றுயிர்கள்

குன்றுகளில் செதுக்கப்பட்டுள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிக்கச் செல்வோர், பாறையின்மீது சாம்பல், வெண்மை, இளமஞ்சள் நிறங்களில் வட்ட வட்டமாகப் படர்ந்துள்ள பத்துகளைக் கண்டிருப்பர். அவற்றை அழுக்கென்று எண்ணி, சுரண்டித் தூய்மை செய்வதையே திருப்பணியாகக் கருதுவோரும் உளர். அவை உயிர்கள். அவற்றுக்கும் பாறைக்கும் உள்ள உறவை அறிந்த பின்னரே அவற்றின்மீது கைவைக்க வேண்டும் என்பதனால் இப்பாடத்தை எழுதுகிறோம்.

இப்பத்துகளை அறிவியலார் லைக்கன் என்பர். நம் இல்லங்களில் மசாலாவுடன் சேர்க்கும் கல்பாசியும் இவ்வினத்ததே. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் கூடி ஓருடலாக வாழ்வது லைக்கன். பாசி வெயிலைக் கொண்டு உணவு ஆக்குகிறது; பூஞ்சை அதற்கு உறைவிடம் தந்து பாறையைப் பற்றிக்கொள்கிறது. பூஞ்சையின் நுண்ணிய இழைகள் கருங்கல்லின் மணிகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்குவதுண்டு. அங்கே ஆக்சாலிக் அமிலம் முதலியவற்றைச் சுரந்து, பெல்ஸ்பாரிலிருந்தும் காக்காப்பொன்னிலிருந்தும் பொட்டாசியம், இரும்பு முதலிய சத்துகளை ஈர்த்துக்கொள்கின்றன. மழையில் ஊறிப் பருத்தும், கோடையில் காய்ந்து சுருங்கியும் கல்லின் மேற்பரப்பைத் துகள் துகளாகப் பெயர்க்கவும் செய்கின்றன. இவ்வாறு உதிர்ந்த துகளும் மடிந்த உடல்களும் சேர்ந்தே வெறும் பாறையில் மண் தோன்றத் தொடங்குகிறது. ஆயினும் இவ்வேலை மிக மெதுவாக நடப்பது. பாறையோடு ஒட்டி வளரும் லைக்கன்களுள் பல, ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பரவுவதில்லை. உள்ளங்கை அளவுள்ள ஒரு பத்து நம் பாட்டனார் காலத்திலேயே அங்குக் குடியேறியிருக்கக்கூடும்.

வெயில் படாத இடத்திலும் கல்லைச் சார்ந்து வாழும் உயிர்கள் உண்டு. கந்தகத்தைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் கனிமப் பொருளிலிருந்தே ஆற்றல் பெறுவதை 1887-இல் ருஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி எடுத்துக்காட்டினார். தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கிலோமீட்டர் ஆழத்துப் பாறைப் பிளவு நீரில், ஏறத்தாழ முற்றிலும் ஒரே இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் வாழ்வது 2008-இல் வெளியாயிற்று. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு நீரைப் பிளக்க, அதனின்று வரும் ஹைட்ரஜனே அவற்றின் ஆற்றலுக்கு ஆதாரம். இவற்றை நம் ஆகமங்கள் கூறும் நிகோத உயிர்களோடு ஒன்றாக்கி மகிழ்வோர் உண்டு. நுண்ணோக்கி காட்டுவது ஒன்று, ஆகமம் உரைப்பது மற்றொன்று; அவசரப்பட்டு இரண்டையும் முடிச்சிடுவது இரண்டுக்குமே சிறப்பன்று என்பது நம் கருத்து.

இனி, இச்சிற்றுயிர்களை மனிதர் கலைத்தால் என்ன நேரும் என்பதற்குப் பிரான்சு நாட்டின் லாஸ்கோ குகையைக் காண்போம். காளைகளும் குதிரைகளும் மான்களுமாகப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மாந்தர் தீட்டிய ஓவியங்கள் நிறைந்த சுண்ணாம்புக்கல் குகை அது. 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1948-இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அவர்களது மூச்சிலிருந்த கரியமில வாயுவும் ஈரமும் உடல் வெப்பமும் உள்ளே தங்கின. மின்விளக்குகள் வெயிலின் இடத்தை நிரப்பின. சுவர்களில் பச்சைப் பாசி படர்ந்தது. வேறோர் இடத்தில் சுண்ணாம்பு கரைந்து மீண்டும் வெண்படிகமாக உறைந்து ஓவியங்களை மூடலாயிற்று. 1963-இல் குகை மூடப்பட்டது. பார்மலின் முதலிய மருந்துகளால் பாசி ஒடுக்கப்பட்டது. ஆனால் 2001-இல், புதிய குளிர்சாதன அமைப்பு பொருத்தப்பட்ட சிறிது காலத்தில், ஃபியூசேரியம் என்னும் வெண்பூஞ்சை தரையிலும் சுவரிலும் பஞ்சு போல் பரவியது. நுண்ணுயிர்க்கொல்லிகள் தெளிக்கப்பட்டன, தரையில் சுட்ட சுண்ணாம்பு தூவப்பட்டது. வெண்பூஞ்சை தணிந்தது; அதன்பின் கரும்புள்ளிகள் பெருகின. அவற்றைத் தோற்றுவித்த பூஞ்சைகளுள் ஒன்றுக்கு 2012-இல் அக்குகையின் பெயரையே இட்டனர். தெளித்த மருந்தின் சிதைவுப் பொருள்களே புதிய உயிர்களுக்கு உணவாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பூஞ்சையைத் தின்ற சிறு பூச்சிகள் அதன் வித்துகளைச் சுமந்து சென்று மேலும் பரப்பின. ஒன்றைக் கொன்ற இடத்தில் மற்றொன்று குடியேறியது. இன்று மக்கள் காண்பது அருகில் அமைத்த படிவக் குகைகளை மட்டுமே. அவற்றுள் புதியது 2016-இல் திறக்கப்பட்டது.

நம் குன்றுகளில் உள்ளவை பெரும்பாலும் கருங்கல் இனப் பாறைகள். லாஸ்கோவின் சுண்ணாம்புக்கல்லைவிட உறுதியானவை. சித்தன்னவாசலின் சுண்ணச் சாந்தின்மேல் தீட்டிய ஓவியங்களுக்கு அவ்வுறுதி இல்லை. அங்கு மூச்சும் ஈரமும்கூடப் பொருட்படுத்தத்தக்கவை. பாறைச் சிற்பங்களைப் பொறுத்தவரை, கம்பித் தூரிகையால் தேய்த்தால் லைக்கனோடு அது பற்றியுள்ள கல் மணிகளும் பெயர்ந்து வரும். கண்ணிமையும் விரல் நுனியும் மழுங்கும். அமிலம் ஊற்றினால் கல்லிலுள்ள இரும்பு துருவாக வெளிப்பட்டுக் கறை படியும். சிலவிடங்களில் லைக்கன் போர்வையே மழையினின்று கல்லைக் காப்பதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே அகற்றுவதா, விடுவதா என்பதைக் கல்லைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மற்றொன்றையும் தயக்கத்துடனேனும் கூறவேண்டியுள்ளது. ஆலயத்துள் நாள்தோறும் நீராட்டித் துடைக்கப்படும் திருமேனி வேறு. வெட்டவெளியில் நிற்கும் ஆயிரம் ஆண்டுப் புடைப்புச் சிற்பம் வேறு. பின்னதன்மீது விழாநாளில் ஊற்றும் பாலும் பூசும் எண்ணெயும் கல்லின் நுண்துளைகளில் தங்கிப் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் விருந்தாகின்றன. அத்தகைய இடங்களில் மலர் தூவி, தொடாமல் வணங்குமாறு ஊர்ப் பெரியோர்கள் ஏற்பாடு செய்யலாம். திருப்பணிக் குழுவினர் தூரிகையோ அமிலமோ வாங்குமுன், சிற்பத்தின் இன்றைய நிலையைப் புகைப்படமாக எடுத்துத் தொல்லியல் துறையினரிடம் காட்டி, எழுத்து மூலமாக அவர்களது கருத்தைப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.