வீட்டில் நோயாளி, பள்ளியில் முதல் மணி

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று உறுதியான ஆண்டில், என் எட்டு நாள் தற்செயல் விடுப்பும் மார்ச் மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. மருத்துவமனைக்கு இரண்டு நாள்தான் போயிருப்பேன். மீதி எல்லாம் காலை நேரத்தில் கரைந்தவை. அந்த நோயில் மாத்திரை நேரம் தவறக் கூடாது. முதல் மாத்திரை வேலை செய்து கைகால் இளகிய பிறகுதான் அவரை எழுப்பி உட்காரவைக்க முடியும். பிறகு குளியல், இட்லி. அரியாங்குப்பத்திலிருந்து கிளம்பினால் கடலூர் சாலை நெரிசல் வேறு. நேரமாகிவிட்டால் அரைநாள் விடுப்பு எழுதிவிடுவேன்.

அப்போது நான் பணியாற்றிய பள்ளியில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. "கணக்கு டீச்சருக்கு தினமும் ஒரு காரணம்" என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. சொல்லாதது என் தவறு. கேட்காதது அவர்கள் தவறு.

அடுத்து வந்த தலைமையாசிரியர் கேட்டார். "உங்களுக்கு எந்த நேரம்தான்மா சிக்கல்?" என்ற ஒரே கேள்வி. காலைதான் சிக்கல், மாலையில் கணவர் வந்துவிடுவார் என்றேன். முதல் மணிக்கு அரைமணி முன்பே வர வேண்டிய காலை வழிபாட்டுப் பொறுப்பை எடுத்துவிட்டு, மாலைச் சிறப்பு வகுப்பை எனக்குக் கொடுத்தார். மருத்துவமனை நாளான வியாழக்கிழமை என் பத்தாம் வகுப்புப் பாடவேளைகளை முற்பகலுக்கு மாற்றினார். அன்று அரைநாள் விடுப்பு போதுமானதாயிற்று. பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளையும் வீணாகவில்லை. பள்ளிக்கு ஆன செலவு, பாடவேளை அட்டவணையை ஒருமுறை திருத்தியது மட்டுமே.

ஒன்றை மட்டும் நானே கவனமாகச் செய்தேன். எனக்காக யார் எந்த வகுப்புக்குப் போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, அத்தனையையும் திருப்பிக் கொடுத்தேன். இரக்கத்தின் பேரில் நடக்கும் உதவி இரண்டு மாதத்தில் முணுமுணுப்பாக மாறிவிடும்; கணக்காக இருந்தால் நிற்கும். (கணக்கு ஆசிரியர் புத்தி என்று சிரித்தார்கள்.)

இனி விதிகள். புதுச்சேரி அரசு ஊழியர்களான நமக்கு 1972ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் விடுப்பு விதிகளே பொருந்தும். பிள்ளை வளர்ப்புக்கு அதில் தனி விடுப்பு உண்டு: பெண் ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள், மூத்த இரு பிள்ளைகளுக்கு 18 வயது வரை. மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு வயது வரம்பு இல்லை. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 விழுக்காடு. 2018 முதல், துணையின்றிக் குழந்தை வளர்க்கும் ஆண்களுக்கும் இது கிடைக்கிறது.

வயதான பெற்றோருக்கென்று இப்படித் தனி விடுப்பு இல்லை. 2025 ஜூலையில் மாநிலங்களவையில் இதுபற்றிக் கேட்டபோது, 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, தற்செயல் விடுப்பு ஆகியவற்றைப் பெற்றோர் பராமரிப்புக்கும் எடுக்கலாம் என்று மத்திய அரசு பதில் தந்தது. கோடை விடுமுறை பெறும் ஆசிரியர்களாகிய நமக்கு அந்த 30 நாள் அப்படியே பொருந்தாது. நோய்க்கு மே மாதம் தெரியுமா? அரைச் சம்பள விடுப்பைச் சொந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. மருந்துச் செலவு ஏறும் மாதத்தில் பாதிச் சம்பளம் என்பது வேறு கதை. ஜப்பானில் குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க 93 நாள் வரை, மூன்று தவணையாக, விடுப்பு எடுக்கச் சட்டம் இருக்கிறது.

நம் ஊருக்கு முக்கியமானது இடமாற்ற விலக்கு. காரைக்கால் சுமார் 130 கிலோமீட்டர். மாகே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில். படுக்கையில் பெற்றோரை வைத்திருப்பவருக்கு அந்த ஆணை வந்தால் என்ன செய்வார்? மத்தியப் பணியாளர் துறையின் 8.10.2018 தேதியிட்ட குறிப்பாணை, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ஊனமுள்ள பெற்றோர், துணைவர், பிள்ளை, உடன்பிறந்தோர் ஆகியோரைப் பராமரிக்கும் ஊழியருக்குச் சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கு தரலாம் என்கிறது. நிர்வாக வசதிக்கு உட்பட்டதுதான், தானாகக் கிடைப்பதல்ல. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 21 வகை ஊனங்களில் பார்க்கின்சனும் ஒன்று. எனவே சான்றிதழை முதலில் வாங்குங்கள். இடமாற்றப் பட்டியல் வருவதற்கு முன்பே நகலோடு விண்ணப்பம் கொடுங்கள். ஆணை வந்தபின் அலைவது கடினம்.

இதையெல்லாம் ஒருநாள் மதிய உணவு வேளையில் சொல்லிக்கொண்டிருந்தேன். சமூக அறிவியல் சார் டப்பாவை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், பக்கவாதத்துக்கும் சான்றிதழ் தருவாங்களா?" மூன்று ஆண்டுகளாக அவர் அம்மா படுக்கையில் இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை எடுத்த விடுப்புக்கெல்லாம் "வங்கி வேலை" என்றே எழுதியிருக்கிறார். ஆண் பிள்ளை, அம்மாவைக் குளிப்பாட்ட விடுப்பு கேட்பதா என்ற கூச்சம். பாதிப்பால் நிலையாக வரும் இயக்கக் குறைபாட்டை அளந்து சான்றிதழ் தருவார்கள் என்றேன். மறுநாள் தலைமையாசிரியர் அறைக்கு அவரோடு நானும் போனேன். செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடவேளைகள் இரண்டை எனக்கு மாற்றினார்கள். நோட்டில் இப்போது அவர் பெயரிலும் ஒரு பக்கம் இருக்கிறது.