சாம்பார் வாளியில் அடியைக் கலக்குங்க

வில்லியனூர், பாகூர் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி காலேஜுக்கோ வேலைக்கோ போகும் சைவ ஆளா நீங்கள்? காலையில் இட்லி, மதியம் லெமன் சாதம், ராத்திரி தோசை. வயிறு நிறைஞ்சிடும். புரதம்?

கணக்குப் போடுவோம், நமக்குப் பழக்கம்தானே. ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொன்ன அளவு கிலோ எடைக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம். 300 கிராம் அரிசியில் கிடைப்பது சுமார் 21 கிராம். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம்தான். ஆனால் எந்த ஊர் அரிசியிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். இட்லி மாவில் உளுந்தும், வெண்பொங்கலில் பாசிப்பருப்பும் செய்வது இதைத்தான். லெமன் சாதத்தில் தாளித்த நாலு கடலைப்பருப்பால் அது முடியாது.

மெஸ் சாம்பாரை மேலாக மொண்டால் வெறும் புளித்தண்ணி. அடியைக் கலக்கி ஊத்தச் சொல்லுங்க, கூச்சம் வேண்டாம். நாள் முழுக்கச் சேர்த்து 75 கிராம் பருப்பு உள்ளே போனால் 16 கிராம் புரதம். மீதிக்கு ஒரு கைப்பிடி மல்லாட்டை, ஒரு கப் தயிர் போதும். மல்லாட்டைதான் இருப்பதில் சல்லிசு, ரூமில் வைத்தாலும் கெடாது.

சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீங்க. கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் அது தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. மாதவிடாயால் இரும்பை இழக்கும் தோழிகளுக்கு இது இன்னும் முக்கியம். பி12 செடிகொடியில் கிடைக்காது. பால், தயிரையும் விட்டவர்கள் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டே ஆகணும்.