வாசிக்கத் தெரிந்த பின் ஒரு வகுப்பு

மலாக்காவில் கித்தார் புதிய கருவி அன்று. ஊஜோங் பாசிரில் உள்ள போர்த்துகீசியக் குடியிருப்பில் பிரான்யோ ஆட்டம் தொடங்கினால் வயலினும் கித்தாரும் சேர்ந்தே ஒலிக்கும். தெங்கேரா போன்ற வட்டாரங்களிலும் திருமண விருந்து, பள்ளிக் கலைவிழா என எங்காவது ஒருவர் மடியில் கித்தார் இருக்கும். இவர்களுள் பலர் எந்த ஆசிரியரிடமும் சென்றதில்லை. அண்ணன் வாசித்ததைப் பார்த்தும், இப்போது கைப்பேசியில் காணொலியைப் பார்த்தும் பழகிக்கொண்டவர்கள்.

அப்படிப் பழகுவதில் தவறில்லை. ‘கார்ட்’ எனப்படும் சுரச்சேர்க்கைகளில் நான்கைந்து தெரிந்தாலே பல பாடல்களுக்குத் துணையாக வாசித்துவிடலாம். ஆனால், காணொலி வாசித்துக் காட்டுமே தவிர, பழகுபவரின் கையைப் பார்க்காது. இடக்கை மணிக்கட்டு அளவுக்கு மீறி வளைந்திருக்கிறதா, கட்டைவிரல் சரியான இடத்தில் நிற்கிறதா, தேவைக்கு அதிகமாகத் தந்தியை அழுத்துகிறாரா என்பதை எதிரில் அமர்ந்திருப்பவரால்தான் உடனே காண முடியும். தவறான பழக்கம் ஓரிரு ஆண்டுகள் ஊறிவிட்டால், அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. செவிவழியாக மட்டும் கற்றவர் தாம் கேட்ட இசையை வாசித்துவிடுவார். இதுவரை கேட்காத இசையை எப்படி வாசிப்பார்? தம் மனத்தில் தோன்றும் இசையைப் பத்துக் கலைஞர்களிடம் கொடுத்து வாசிக்கச் செய்வது எப்படி? நன்றாக வாசிக்கத் தெரிந்த பிறகும் ஓர் ஆசிரியரைத் தேடிச் சென்ற இளையராஜாவின் வாழ்க்கையில் இதற்கான விடை இருக்கிறது.

இளையராஜா 1943ஆம் ஆண்டு, இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ள பண்ணைப்புரத்தில் பிறந்தார். பதினான்கு வயதில் தம் அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவில் சேர்ந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சென்று மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தார். பின்னர், திரையிசைக் கனவோடு 1968இல் சென்னைக்கு வந்தார். அத்தனை மேடைகளைக் கண்ட இளைஞருக்கு இனி எதற்கு வகுப்பு என்று தோன்றியிருக்கலாம். அவரோ தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

தன்ராஜ் மாஸ்டரின் பெயரைத் திரைப்பட ரசிகர்கள் பலர் அறியமாட்டார்கள். பின்னாளில் புகழ்பெற்ற பலருக்கு மேற்கத்திய இசையைக் கற்பித்தவர் அவர், ஏ.ஆர். ரகுமானும் அவரிடம் பயின்றவரே. அவரிடம் இளையராஜா பியானோவும் கித்தாரும் கற்றார். ஐந்து கோடுகளில் எழுதப்படும் மேற்கத்திய இசைக்குறியீட்டைப் படிக்கவும் எழுதவும் பழகினார். இரண்டு மூன்று மெட்டுகளை ஒன்றோடொன்று மோதாமல் ஒரே நேரத்தில் நடத்திச் செல்லும் முறையை அறிந்தார். பாக், மொசார்ட் போன்ற மேதைகளின் இசை அவருக்குப் பாடமாயிற்று. திரையுலகில் நிலையான இடம் கிடைக்காத காலத்தில், நாளைய பாட்டுக் கச்சேரிக்குக்கூட உதவாத பாடங்கள் இவை! இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கித்தார்த் தேர்விலும் அவர் தங்கப் பதக்கம் பெற்றார்.

கற்றது வேலையானது. சலில் சௌத்ரி முதலிய இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவுகளில் கித்தார் வாசித்தார். பிறகு, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளரானார். அங்கே ஒலிப்பதிவின் இடைவேளைகளில், தாம் தாளில் எழுதி வைத்திருந்த இசைப் பகுதிகளை வாசித்துக் காட்டும்படி மற்றக் கலைஞர்களைக் கேட்டுக்கொள்வாராம். எழுதியது எப்படி ஒலிக்கிறது என்பதைக் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொள்ள அவருக்கு வேறு வழியில்லை. 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது. 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலில் கித்தார் எப்படி முன்னே நின்று பேசுகிறது என்பதை மாணவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். 2025 மார்ச் 8ஆம் நாள், இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியது. அக்குழுவினருக்குத் தமிழ் தெரிய வேண்டிய தேவையே எழவில்லை. தாளில் இருந்த குறியீட்டைப் பார்த்து வாசித்தனர்.

டிரினிட்டி நடத்தும் இசைத் தேர்வுகளை மலேசிய மாணவர்களும் எழுதுகின்றனர். கித்தாருக்கு எட்டாம் படிநிலை வரை தேர்வுகள் உள்ளன. தேர்வுக்காக ஆயத்தம் செய்த பாடங்களோடு, முன்பின் பாராத குறியீட்டைக் கண்டவுடன் வாசிக்கும் திறனும் செவித்திறனும் சோதிக்கப்படுவதுண்டு. ஆனால், ஆண்டு முழுவதும் மூன்றே பாடங்களை மனப்பாடம் செய்து சான்றிதழ் பெறும் மாணவர்களும் இருக்கிறார்கள். நான்காவது பாடத்தைக் கொடுத்தால் விரல் நகராது. இது கற்றல் ஆகாது.

தனிவகுப்பு பெரும்பாலும் வாரத்திற்கு ஒரு முறைதான். அரைமணி அல்லது ஒரு மணி நேரம். மற்ற நாள்களில் மாணவரே தமக்கு ஆசிரியர். கடினமான இரண்டு வரிகளைத் தாளமானியை வைத்துக்கொண்டு மெதுவாகத் தினமும் இருபது நிமிடம் வாசிப்பது, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசிப்பதைவிடப் பலன் தரும். கட்டணம் கட்டிவிட்டுப் பயிற்சி செய்யாமல் சென்றால், சென்ற வாரப் பாடத்தையே ஆசிரியர் மீண்டும் நடத்த வேண்டிவரும். பெற்றோரின் பணம்தான் வீணாகும்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் வகுப்பில் மாணவர் எவ்வளவு நேரம் வாசித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல ஆசிரியர் முதலில் மாணவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார், கையைப் பார்ப்பார், எதற்காகக் கற்க வந்தாய் என்று விசாரிப்பார். தம் திறமையைக் காட்டியே வகுப்பு நேரத்தைக் கடத்துபவராக இருந்தால், வேறோர் ஆசிரியரைத் தேடத் தயங்க வேண்டியதில்லை. அத்தகைய வாசிப்பைக் காணொலியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.