மிளகுக் கொடியின் இருவகைத் தண்டுகள்

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில், கொடிகளை அவை ஏறும் முறையைக் கொண்டு பிரித்துப் படித்தோம். அவரை சுற்றி ஏறும். பாகல் பற்றுக்கம்பியால் ஏறும். வெற்றிலையும் மிளகும் வேரால் பற்றி ஏறும். சார்ல்ஸ் டார்வின் 1875-இல் நூலாக வெளியிட்ட ஆய்விலும் இத்தகைய பிரிவுகள் உள்ளன. ஆனால், மிளகுக் கொடியின் எல்லாத் தண்டுகளும் ஏறுவதில்லை என்பதைப் பல்கலைக்கழகத்தில்தான் அறிந்தேன்.

மிளகில் முக்கியமாக இருவகைத் தண்டுகள் உண்டு. தமிழில் எழுதுவதற்காக அவற்றை 'ஏறுதண்டு', 'கனிக்கிளை' என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

ஏறுதண்டின் நுனிமொட்டு தொடர்ந்து மேல்நோக்கி வளரும். ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலை, இலைக்கோணத்தில் ஒரு மொட்டு, கம்பத்தைப் பற்றச் சிறு வேர்கள் ஆகியவை இருக்கும். இதில் மிளகு காய்ப்பதில்லை.

அந்தக் கோணமொட்டு வளர்ந்தால் கனிக்கிளை உருவாகும். இது பக்கவாட்டில் நீளும். இதற்குப் பற்றுவேர் இல்லை. இதன் நுனி பூங்கதிராக முடிந்துவிடும். அருகிலுள்ள கோணமொட்டு வளர்ச்சியைத் தொடர, கதிர் ஒதுங்கி இலைக்கு எதிர்ப்புறம் நிற்கும். நாம் பறிக்கும் மிளகு இந்தக் கதிரில்தான் காய்க்கிறது.

மலேசிய மிளகில் பெரும்பகுதி விளையும் சரவாக்கில், பெலியான் மரக் கம்பங்களில் கொடியை ஏற்றுவது நெடுநாளைய வழக்கம். இளங்கொடி ஏறத் தொடங்கியதும் ஏறுதண்டின் நுனியைச் சில முறை வெட்டுவார்கள். உயரம் குறைகிறதே என்று தோன்றலாம். ஆனால் நுனிமொட்டின் ஆதிக்கம் நீங்குவதால் கீழ்க்கணுக்களின் மொட்டுகள் விழிக்கும். கொடி அடியிலிருந்தே அடர்ந்து, கனிக்கிளைகள் பெருகும்.

இன்னொரு வியப்பும் உண்டு. ஏறுதண்டை வெட்டி நட்டால் கொடியாக ஏறும். அதே செடியின் கனிக்கிளையை வேர்விடச் செய்து நட்டால் ஏறாது. சிறு புதராகவே நின்று காய்க்கும். இரண்டிலும் மரபணுக்கள் ஒன்றே. எனினும், வெட்டியெடுத்த பின்னரும் தண்டு தன் பழைய வளர்ச்சி முறையை விடுவதில்லை.

விவசாயிக்கு இது ஏட்டறிவு மட்டுமன்று. தவறான தண்டை நட்டால், கம்பம் இருந்தும் கொடி இராது. அடுக்குமாடி வீட்டில் வாழும் நமக்கோ, தொட்டியில் வளர்க்கப் புதர்மிளகே ஏற்றது. அடுத்த முறை மிளகு நாற்று வாங்கும்போது விலையோடு, அது எந்தத் தண்டிலிருந்து வெட்டியது என்பதையும் கேளுங்கள்.