"அணைத்துவிட்டேன்" என்பது மட்டும் போதாது: மின்பணியாளரும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

மின்சாரம் தாக்கி எங்கள் தீக்காயப் பிரிவில் சேர்க்கப்படும் மின்பணியாளர்களிடம், அவர்கள் தெளிந்த பின்னர், நடந்ததைக் கேட்பது எங்கள் வழக்கம். அவர்களுள் பலர் ஏறத்தாழ ஒரே விடையைத்தான் கூறுகின்றனர்: "லைனை அணைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்." இது தொழில் அறியாதவர் கூறும் சொல் அன்று, ஆண்டுக்கணக்கில் கம்பம் ஏறி இறங்கியவர் கூறும் சொல். நினைப்பதற்கும் சோதித்து அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மின்பணியாளர் மட்டுமன்றி, காலையில் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பும் வீட்டாரும் இதனைப் படிக்க வேண்டுகிறோம்.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

உயிருக்கு ஊறு விளைவிப்பது உடலின் வழியே பாயும் மின்னோட்டத்தின் அளவாகும். அதனை மில்லி ஆம்பியரில், அதாவது ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அளக்கிறோம். ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியரில் கூச்சம் தோன்றும். 10 முதல் 16 மில்லி ஆம்பியருக்குள் முன்கைத் தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட இயலாமல் போகும். "கரண்டு இழுத்துக்கொண்டது" என்று மக்கள் கூறுவது இந்நிலையையே. உண்மையில் மின்சாரம் ஆளை இழுப்பதில்லை. அவருடைய தசைகளே அவரை விடுவதில்லை. 30 மில்லி ஆம்பியரைக் கடந்தால் மூச்சுத் தசைகள் செயலிழக்கக்கூடும். 100 மில்லி ஆம்பியர் அளவில் இதயம் சீராகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும்.

வறண்ட தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும். வியர்வையிலோ மழையிலோ நனைந்த உடலின் தடை 1,000 ஓம் அளவுக்குக் குறைந்துவிடும். அப்போது வீட்டிலுள்ள 230 வோல்ட் மின்சாரமே 230 மில்லி ஆம்பியரை உடலுக்குள் செலுத்த வல்லது. சித்திரை வெயிலில் வியர்த்த கையும் ஐப்பசி மழையில் நனைந்த காலும் ஆபத்தானவை என்பது இதனால் விளங்கும்.

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே" என்று சிலர் ஆறுதல் கொள்வர். எம்.சி.பி. காப்பது மின்கம்பிகளை, மனிதரை அன்று. 16 ஆம்பியர் எம்.சி.பி., அவ்வளவுக்கு மேல் மின்னோட்டம் சென்றால்தான் துண்டிக்கும். மனித உயிருக்கோ அதில் நூற்றில் ஒரு பங்கும் மிகுதி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியே மனிதரைக் காப்பது. அதனையும் பொருத்திக்கொள்ளுங்கள்.

சிறு காயம், பெருங்கேடு

உள்ளங்கையில் ஒரு கரும்புள்ளி, பாதத்தில் ஒரு சிறு வெடிப்பு. "இவ்வளவுதானே, மருந்து போட்டு அனுப்பிவிடுங்கள்" என்று உறவினர் கேட்பதுண்டு. மின்சாரம் நுழைந்த இடமும் வெளியேறிய இடமும் சிறியனவாகத் தோன்றினும், இடைப்பட்ட தசைகள் உள்ளுக்குள்ளேயே வெந்திருக்கலாம். சிதைந்த தசையினின்று வெளிப்படும் நிறப்பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகங்களைத் தாக்கும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் வெளியேறுவது அதன் அடையாளம். நரம்பின் வழியே நாங்கள் மிகுதியாகத் திரவம் ஏற்றுவது இதன் பொருட்டே.

வெந்த தசை வீங்கும்போது, அதனைச் சுற்றியுள்ள உறை இடங்கொடாது, இரத்தவோட்டம் தடைப்படும். அவ்வேளையில் தோலையும் உறையையும் நீளமாகக் கீறிவிட நேர்கிறது. "காயமில்லாத கையை ஏன் கிழித்தீர்கள்?" என்று கண்ணீருடன் கேட்ட குடும்பத்தார் உண்டு. அக்கையைக் காப்பாற்றவே அவ்வாறு செய்கிறோம்.

உயர் அழுத்த மின்சாரம் தாக்கியவர், சற்று நேரமேனும் நினைவிழந்தவர், நெஞ்சு வலியோ படபடப்போ உள்ளவர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் நலமாகத் தோன்றினும் மருத்துவமனைக்கு வந்து இதயத்துடிப்பைப் பதிவுசெய்து பார்க்க வேண்டும். மாதங்கள் கழிந்து கண்புரை தோன்றலாம். உறக்கமின்மையும் வேலைக்குத் திரும்ப அச்சமும் ஏற்படலாம். இவற்றைக் கோழைத்தனம் என்று கருதாது எங்களிடம் கூறுங்கள்.

தொடுவதற்கு முன் ஐந்து படிகள்

முதலாவது, எல்லா வழிகளையும் துண்டித்தல். மெயின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது; இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், சூரிய மின்தகடு ஆகியவற்றிலிருந்தும் மின்சாரம் வரும். மின்விசிறியின் சுவிட்சை அணைத்துவிட்டு அதனைக் கழற்றுவது கூடாது. பேஸ் கம்பிக்கு மாறாக நியூட்ரல் கம்பியில் சுவிட்சு பொருத்தப்பட்டிருந்தால், விசிறி நின்றிருக்கும், மின்சாரம் நின்றிராது.

இரண்டாவது, மீண்டும் இயக்க இயலாதவாறு பூட்டி, "ஆள் வேலை செய்கிறார்" என்று பலகை மாட்டுதல். பூட்ட வசதியில்லையேல், ஃபியூஸ் கட்டையைக் கழற்றித் தம் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சோதித்தல். மின்சாரம் உள்ள இடத்தில் முதலில் சோதனைக் கருவியைச் சரிபார்த்து, பின்னர் வேலை செய்யுமிடத்தில் சோதித்து, மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் அக்கருவியைச் சரிபார்க்க வேண்டும். விளக்கு எரியாமைக்குக் காரணம் மின்சாரம் இல்லாமையாகவும் இருக்கலாம். டெஸ்டர் பழுதாகவும் இருக்கலாம்.

நான்காவது, மேல்நிலைக் கம்பிகளில் வேலை செய்யுமிடத்தின் இருபுறமும் எர்த் இணைத்தல். யாரேனும் தவறி மின்சாரம் செலுத்தினாலும் அது மனிதரின் வழியே அன்றி மண்ணுக்குச் செல்ல இதுவே வழி.

ஐந்தாவது, அருகில் மின்சாரம் உள்ள பகுதிகளை மறைத்தல் அல்லது விலக்கி நிற்றல்.

மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி, வெள்ளி அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டே பணியைத் தொடங்க வேண்டும். அலுமினிய ஏணி வேண்டா. பாத்திரம் கழுவும் ரப்பர் உறை மின்காப்புக் கையுறை ஆகாது. கம்பத்தில் இடைவாரும் தலைக்கவசமும் கட்டாயம். தனியே ஒருவராக வேலை செய்தல் கூடாது.

தாக்குண்டவரைக் கண்டால்

அவரைத் தொடாதீர்கள். முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். வீட்டு மின்சாரமாயின், அணைக்க வழியில்லாதபோது, உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்கலாம். உயர் அழுத்தக் கம்பியாயின் மரக்கட்டையும் காவாது. குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நின்று, மின்வாரியத்திற்கும் 108-க்கும் தெரிவியுங்கள்.

மின்சாரம் நின்ற பின், அவர் மூச்சின்றி அசைவற்றுக் கிடந்தால், கைகால்களைத் தேய்த்துக் காலங்கடத்த வேண்டா. மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். இம்முறைக்கும் மின்பணியாளருக்கும் ஓர் உறவு உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கௌவன்ஹோவன் ஒரு மின்பொறியாளர். மின்கம்பித் தொழிலாளர்களின் மரணங்களால் தூண்டப்பட்ட ஆராய்ச்சியில் ஈடுபட்ட அவரும் அவர்தம் குழுவினரும் 1960-ஆம் ஆண்டில் இம்மார்பழுத்த முறையை மருத்துவ உலகிற்கு அறிவித்தனர்.

தீப்புண் இருப்பின் குழாய்நீரில் இருபது நிமிடம் குளிர்வியுங்கள். பற்பசை, மை, மாவு எதனையும் பூசாதீர்கள். கம்பத்திலிருந்து வீழ்ந்தவராயின் கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் கொண்டுவாருங்கள்.

குடும்பத்தாரின் பங்கு

அவர் கம்பத்தில் இருக்கும் நேரத்தில் தொலைபேசியில் அழைக்காதீர்கள். உறக்கமின்றியோ காய்ச்சலுடனோ இருப்பவரை வேலைக்கு அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டுக்கு வரும் மின்பணியாளரை "சீக்கிரம் முடியுங்கள்" என்று விரட்டாமல், மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்தனவா என்று அவருடன் சேர்ந்து பாருங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்போர் ஒன்றை உறுதியாக நினைவிற்கொள்ள வேண்டும். உரிய மாற்றுச் சுவிட்சு இன்றி அதனை வீட்டு இணைப்பில் சேர்த்தால், மின்சாரம் தெருவிலுள்ள டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னோக்கிச் சென்று, அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயரக்கூடும். லைன் அணைந்துவிட்டது என்று கருதி, உங்கள் தெருவின் கோடியில் கம்பியைத் தொடும் ஒருவரை அது தாக்கும். அவருக்கும் ஒரு குடும்பம் காத்திருக்கிறது.

இன்று மாலை வீடு திரும்பும் உங்கள் மின்பணியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்று தொடுவதற்கு முன் சோதித்தீர்களா?" நாளையும் கேளுங்கள். அக்கேள்வியை வீட்டில் நாள்தோறும் கேட்டுப் பழகியவர், கம்பத்தின் உச்சியில் கை நீட்டும் முன் அதனைத் தாமே கேட்டுக்கொள்வார்.