வாங்கிய மாடு நம்ம மேய்ச்சலுக்குப் பழக ஒரு மாதம்



குழுக் கடனில் கறவை மாடு வாங்கியதும் நாம் முதலில் அளப்பது பாலைத்தான். பால் குறைந்தால் தவணை எப்படிக் கட்டுவது என்ற பயம் வருகிறது. மணப்பாறை சந்தையிலிருந்து வண்டியில் வந்த மாடு சில நாள் பால் குறைத்துத்தான் கறக்கும். உடனே கஞ்சியையும் அடர் தீவனத்தையும் அள்ளி வைத்தால் வயிறு கெட்டு மாடே படுத்துவிடும். முதல் மாதம் பாலை விட மாட்டைக் கவனிப்போம்.

நம்ம மண்ணும் தண்ணீரும்

பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்து உம்பளச்சேரி மாடு உப்பு மண்ணில் விளையும் புல்லைத் தின்றே வளர்ந்த இனம். மேட்டு நிலத்திலிருந்து வரும் கலப்பின மாட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கடலோர ஊர்களில் குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தால் சரியாகக் குடிக்காது. தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும். நல்ல தண்ணீர் வையுங்கள்.

செய்ய வேண்டியவை

1. நான்கு வாரம் தனியே கட்டுங்கள். மற்ற மாடுகள் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், கத்தாது. கோமாரி 14 நாள் வரையிலும், தோல் கழலை நோய் 4 வாரம் வரையிலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். 2022இல் தோல் கழலை நோய் நாட்டின் பல மாநிலங்களில் ஏராளமான மாடுகளைக் கொன்றது.

2. விற்றவரிடம் என்ன தீவனம் போட்டார் என்று கேட்டு, கொஞ்சம் வாங்கி வாருங்கள். அதோடு நம்ம வைக்கோல், பச்சைப்புல்லைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பத்து நாளில் மாற்றுங்கள்.

3. முதல் வாரம் அவிழ்த்து விடாதீங்க. பழைய இடத்தைத் தேடி ஓடும். நம்ம இடத்திலேயே முளையடித்து நீளக் கயிற்றில் கட்டி மேயவிடுங்கள். தினமும் ஒரே ஆள், ஒரே வழியில் ஓட்டிப் போனால் வீடு பழகும். மாதம் முடிந்ததும் சாதுவான பழைய மாட்டோடு சேர்த்து ஓட்டுங்கள்.

4. சம்பா அறுத்த வயல் என்று நம்பி ஓட்டாதீங்க. அறுப்புக்கு முன்பே உளுந்து, பயறு தெளித்திருப்பார்கள். வாயை வைத்தால் ஊர்ச் சண்டைதான். பயறு எடுத்த பிறகு வயல்காரரைக் கேட்டு விடுங்கள்.

5. நத்தை உள்ள வாய்க்கால் ஓரத்துப் புல்லில் தட்டைப்புழு ஒட்டியிருக்கும். ஈரமான இடத்தைத் தவிருங்கள். சாணத்தைக் கால்நடை மருத்துவமனையில் காட்டி, டாக்டர் சொல்கிற மருந்தைக் கொடுங்கள்.

6. காதில் 12 இலக்க எண் உள்ள தோடு இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணைக் குழு நோட்டில் எழுதுங்கள். தோடு இல்லாமல் காப்பீட்டுப் பணம் கேட்க முடியாது. தோடு விழுந்தால் உடனே தெரிவியுங்கள்.

காய்ச்சல், வாயில் நுரை, தோலில் கட்டி, அசை போடாமை இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

• நம்ம ஊரில் எந்த மாதம், எந்த இடம் மேய்ச்சலுக்குக் கிடைக்கும்?
• புது மாடு வந்த வீட்டுக்கு முதல் மாதத் தவணையில் குழு எப்படிக் கைகொடுக்கலாம்?
• பழைய மாடு வைத்திருப்பவர்களில் யார் கூட ஓட்டிப் போய்ப் பழக்குவார்கள்?