சுவருக்கும் வேர்க்கும்: தரங்கம்பாடியில் ஒரு ராத்திரி படிச்ச பாடம்

எங்க அப்புச்சி வீட்டுல ஒரு சுவர் இருக்கு. திருச்செங்கோடு மலைக்குக் கீழ, செங்கலும் சுண்ணாம்புக் காரையும் வச்சுக் கட்டின ஓட்டு வீடு. ஒரு காலத்துல உள்ளேயே தறி ஓடுச்சு. நாலு வருஷத்துக்கு முன்னாடி, "காரை உதிருது, பழசைச் சுரண்டிட்டு சிமெண்ட் பூசிட்டா கல்லு மாதிரி நிக்கும்"னு ஒரு கொத்தனார் சொன்னார். பூசினோம். ரெண்டு மழைக்காலம் போச்சு. முன்னாடி முழங்கால் வரைக்கும் இருந்த ஈரம் இப்ப இடுப்பு வரைக்கும் ஏறிடுச்சு. சிமெண்ட் பூச்சு பலகை பலகையாப் பெயர்ந்து வந்தது. அது போகும்போது செங்கல்லோட முகத்தையும் சேர்த்துப் பிச்சுக்கிட்டுப் போச்சு.

"இடிச்சுப்போட்டு தார்சு வீடு கட்டிரலாமுங்க"ன்னு மாமா சொல்றாங்க. அம்மாயி ஒத்துக்கல. "நீ இஞ்சினியருக்குத்தான சாமி படிக்கிற, நீ சொல்லு"ன்னு என்னைப் பார்த்தாங்க. நான் சிவில் ஃபைனல் இயர். எம்-20 கான்கிரீட்டுக்கு மிக்ஸ் டிசைன் போடத் தெரியும். ஆனா அந்தச் சுவர் ஏன் அழுகுதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல.

பதில் கிடைச்சது கடற்கரையில.

கப்பல் பேர் வச்ச அறைகள்

போன பிப்ரவரியில பெரியம்மா பையன் அண்ணனுக்கு போனஸ் வந்துச்சு. "டேய், ஒரு நாளாவது நல்ல இடத்துல தங்கலாம் வா"ன்னு தரங்கம்பாடிக்குக் கூட்டிட்டுப் போனார். மயிலாடுதுறையில இறங்கி, பொறையார் பக்கம் போற பஸ் பிடிச்சோம்.

ஊரோட கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். 1620-ல டென்மார்க்காரங்க தஞ்சை ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு இங்க வியாபாரத்துக்கு இடம் வாங்கினாங்க. கடலைப் பார்த்து டேனிஷ் கோட்டை கட்டினாங்க. 1845-ல ஊரை ஆங்கிலேயர்கிட்ட வித்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம் சில வருஷம் தஞ்சை ஜில்லா கலெக்டர் இங்கதான் இருந்தார். கோட்டைக்குப் பக்கத்துல, கடலைப் பார்த்த மாதிரி நிக்கிற மாடி பங்களாதான் நாங்க தங்கின ஹோட்டல். நீம்ராணா நிறுவனம் அதைப் பழுதுபார்த்து நடத்துது. அறைகளுக்கு அந்தக் காலத்து டேனிஷ் கப்பல்களோட பேர் வச்சிருக்காங்க.

ராத்திரி வராந்தாவுல உட்கார்ந்தா அலைச் சத்தம் மட்டும்தான். ஒரு மணி நேரத்துல கண்ணாடியைத் துடைச்சா விரல்ல உப்பு பிசுபிசுக்குது. எனக்கு ஒரே கேள்வி. கடல்லருந்து நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்க வீட்டுச் சுவர் உப்பரிச்சு உதிருது. உப்புக்காத்துலயே நிக்கிற இந்தச் சுவர் எப்படி நிக்குது?

கொத்தனார் சொன்ன ஒரு வரி

காலையில ஊருக்குள்ள நடந்தோம். ஒரு வீட்டு வாசல்ல வயசான கொத்தனார் ஒருத்தர் சுண்ணாம்பு குழைச்சுக்கிட்டு இருந்தார். எங்க வீட்டுக் கதையைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "தம்பி, சொவத்துக்கும் வேர்க்கும். நீங்க ரெயின்கோட்டைப் போட்டு விட்டுட்டீங்க"ன்னார்.

நாலு வருஷப் படிப்புல இதை யாரும் இவ்வளவு சுருக்கமா எனக்குச் சொன்னதில்ல. இப்ப அதை நம்ம பாட பாஷையில பார்க்கலாம்.

செங்கல் ஒரு ஸ்பாஞ்ச் மாதிரி. பழைய வீடுகள்ல டாம்ப் ப்ரூஃப் கோர்ஸ் கிடையாது. அதனால நிலத்து ஈரம் கேப்பிலரி ஆக்‌ஷன்ல மேல ஏறும். நம்ம ஊர் போர் தண்ணி மாதிரி அந்த ஈரத்துலயும் உப்பு கரைஞ்சிருக்கும். தண்ணி எங்க ஆவியாகுதோ அங்க உப்பு படிகமாகும். படிகம் வளரும்போது அது உட்கார்ந்திருக்கிற துளைகளை நெருக்கி உடைக்கும். அப்ப முக்கியமான கேள்வி ஒண்ணுதான். தண்ணி எந்த இடத்துல ஆவியாகுது?

சுண்ணாம்புப் பூச்சுல நுண்துளைகள் நிறைய. ஈரம் அது வழியா வெளிய வந்து மேற்பரப்புல காயும். உப்பு பூச்சைத்தான் தின்னும், செங்கல்லை விட்டுடும். பூச்சு சில வருஷத்துல உதிரும், திரும்பப் பூசணும். அதாவது உதிர்றதுதான் அதோட வேலை. நாம அதை நோய்னு நினைச்சுட்டோம்.

சிமெண்ட் பூச்சு இதுக்கு நேர் எதிர். ஈரத்தை லேசுல வெளிய விடாது. வழி இல்லாத ஈரம் இன்னும் மேல ஏறும். எங்க வீட்டுல முழங்கால் இடுப்பானது இப்படித்தான். உப்பு பூச்சுக்குப் பின்னாடி, செங்கல்லுக்குள்ளயே படிகமாகும். அதோட சிமெண்ட் அந்தப் பழைய செங்கல்லைவிட கெட்டி. சுவர் கொஞ்சம் அசைஞ்சா சுண்ணாம்பு அதோட சேர்ந்து வளையும். சிமெண்ட் வளையாது, விரிசல் விடும். விரிசல் வழியா மழைத்தண்ணி உள்ள போகும், வெளிய வர வழி இருக்காது.

சுண்ணாம்பு ஒரு வட்டம்

சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ, ரெண்டும் கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரியில சுட்டா கார்பன் டை ஆக்சைடு பிரிஞ்சு சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதுல தண்ணி ஊத்தினா கொதிச்சு நீத்த சுண்ணாம்பாகும். மணலோட குழைச்சுச் சுவர்ல பூசினா, காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை மெதுவா இழுத்து மறுபடியும் கல்லாகும். அதுக்கு மாசக்கணக்கு, சில சமயம் வருஷக்கணக்கு ஆகும். நம்ம ஊர்ல கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்ப்பாங்க.

போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு பேட்டன்ட் வாங்கினதே 1824-லதான். அதுக்கு ரெண்டு நூற்றாண்டு முன்னாடி கட்டின கோட்டை இன்னும் நிக்குது. சிமெண்ட் கெட்டதுன்னு நான் சொல்லல. தூண், பீம், ஸ்லாப் எல்லாத்துக்கும் அது வேணும். ஆனா உப்புக்காத்துல அதுக்கும் சிக்கல் உண்டு. குளோரைடு உள்ள போய்க் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட் பொளந்துக்கும். எந்தப் பொருளும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வேடிக்கை என்னன்னா, நம்ம பக்கத்துச் சங்ககிரி சுண்ணாம்புக்கல்லுல இருந்துதான் சிமெண்டும் வருது.

பங்களாவுக்கு மட்டும்தானா?

ஹோட்டல் பில்லை அண்ணன் கட்டும்போது எனக்கு வேற ஒரு சந்தேகம் வந்துச்சு. இதெல்லாம் காசு இருக்கிறவங்களுக்கு மட்டும்தானா? கடலோர மீனவர் குடும்பம் அந்த வராந்தாவுல ஒரு ராத்திரி தங்க முடியாது.

ஆனா அந்த ஊர்லயே இன்னொரு பக்கமும் இருக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமி தரங்கம்பாடியை மோசமா அடிச்சது. அதுக்கப்புறம் இன்டாக் அமைப்பு தட்டார் தெருவுல சாதாரணத் திண்ணை வீடுகளையும் சீரமைச்சது. பங்களாவோட அந்த வீடுகளும் இன்னைக்கு நிக்குது.

இத்தாலியில இதுக்கு ஒரு பேரே இருக்கு, 'ஆல்பெர்கோ டிஃபூசோ'. பரவிக் கிடக்கும் ஹோட்டல்னு அர்த்தம். வடக்கு இத்தாலியில ஃப்ரியூலி பகுதியில 1976-ல பெரிய நிலநடுக்கம். சீரமைச்ச வீடுகள் ஆளில்லாமக் கிடந்தப்ப வந்த யோசனை இது. புதுக் கட்டடம் கட்டாம, ஊருக்குள்ள சிதறிக் கிடக்கிற பழைய வீடுகளையே அறைகளா வாடகைக்கு விடறது. காரணம் எளிமையானது. ஆள் புழங்கற வீட்டுல ஒழுகினா அன்னைக்கே தெரியும், ஓடு மாத்துவாங்க. பூட்டின வீட்டுல சுவர் விழுந்த அப்புறம்தான் தெரியும்.

உங்க வீட்டுல செஞ்சு பாருங்க

1. பூச்சு பெயர்ந்த இடத்துல செங்கல் இணைப்பை ஆணியால சுரண்டுங்க. வெள்ளையா, மாவா உதிர்ந்தா பெரும்பாலும் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்துல, சுரண்டவே வராம இருந்தா சிமெண்ட்.

2. ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவர்ல ஒட்டுங்க. மறுநாள் தாளுக்கு உள்பக்கம் நீர் கோத்திருந்தா ஈரம் சுவருக்குள்ள இருந்து வருது. வெளிப்பக்கம் மட்டும்னா அது அறைக்காத்தோட ஈரம்.

3. பெயிண்ட், பூச்சு எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி ஈரம் எங்கருந்து வருதுன்னு தேடுங்க. கூரைத்தண்ணி சுவர் ஓரமாவே விழுதா? வாசல் மட்டம் உசந்து போச்சா?

நான் சித்திரையில அப்புச்சி வீட்டுச் சுவர்ல மூணுக்கு மூணு அடி சிமெண்டை எடுத்துட்டு, நல்லாக் காயவிட்டு, சுண்ணாம்பு பூசினேன். நல்ல சுண்ணாம்புக்கும், அதைக் குழைக்கத் தெரிஞ்ச ஆளுக்கும் ஒரு மாசம் அலைஞ்சேன். கூலியும் சிமெண்டைவிட அதிகம்தான். ஐப்பசி மழை முடிஞ்சு போய்ப் பார்த்தேன். அந்தச் சதுரத்து மேல வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சு. துடைப்பத்தால தட்டினேன், கொட்டிடுச்சு. பூச்சு அப்படியே இருந்துச்சு.

மாமா தை மாசம் வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. அம்மாயி கேட்டதுக்கு இப்ப என்கிட்ட பதில் இருக்கு: "இடிக்க வேண்டாமுங்க அம்மாயி. மீதிச் சிமெண்டையும் எடுத்துடலாம்."